குண்டுக்குத் தப்பிய தேவாலயம் நெருப்பில் விழுந்த கதை

முத்தியால்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்ததும் சம்பா கோவில் என்ற மாதா தேவாலயத்தை இடித்தார்கள், அது புரிகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஃபிரவுன்கிர்ஷே தேவாலயம் குண்டுவீச்சைத் தாங்கி நின்றுவிட்டு, அப்புறம் தானாகவே விழுந்ததாமே, எப்படி?"

அருமையான கேள்வி. 1945 பிப்ரவரி 13 இரவு குண்டுவீச்சு தொடங்கியது. 15-ம் தேதி காலை பத்து மணி வாக்கில், சுமார் 12,000 டன் எடையுள்ள கல் குவிமாடம் அப்படியே சரிந்தது. காரணம் நெருப்பு. தீக்குண்டுகள் மூட்டிய தீ உள்ளே புகுந்து, குவிமாடத்தைச் சுமந்த எட்டு மணற்கல் தூண்களைச் சுட்டுவிட்டது.

மணற்கல்லில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கனிமம். அதில் ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் அணுக்கள் என்பது பள்ளியில் படித்ததுதான். இப்படி அமையும் நான்கு முக வடிவங்கள், அதாவது நான்முகிகள், மூலைக்கு மூலை கோத்து நிற்கின்றன, ஆனால் நேராக இல்லை; ஒவ்வொன்றும் கொஞ்சம் திருகிச் சாய்ந்திருக்கிறது. சூடு ஏற ஏற அந்தச் சாய்வு குறைந்துகொண்டே வருகிறது. 573 டிகிரி செல்சியஸ் வந்ததும் எல்லாம் ஒருசேர நிமிர்ந்துவிடுகின்றன! ஒரு வேதிப்பிணைப்புகூட அறுவதில்லை. ஆறினால் பழையபடி சாய்ந்துகொள்ளும். எனக்கு இதை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

ஆனால் நிமிர்வதற்கு இடம் வேண்டும். சாதாரண வெப்பத்திலிருந்து 573 டிகிரிக்குப் போவதற்குள் குவார்ட்ஸின் கன அளவு ஏறக்குறைய 4 முதல் 5 சதவீதம் கூடுகிறது, அதுவும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இல்லை. நெரிசலான பேருந்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் முழங்கையை விரித்த மாதிரி குவார்ட்ஸ் துகள்கள் ஒன்றையொன்று நெட்டித் தள்ள, நடுவில் விரிசல் ஓடுகிறது. குவார்ட்ஸ் ஆறிப் பழைய நிலைக்குத் திரும்பினாலும் விரிசல் மூடாது. கல் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் வெளித்தோல் வெந்து உதிரும்போது உள்ளே இன்னும் சூடு ஏறியிருக்காது. தூண் மெலிகிறது, பாரமோ குறையவில்லை. மிச்சமிருக்கும் கல் எவ்வளவு நேரம் தாங்கும்?

புதுச்சேரியின் பழைய கட்டடங்களில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான் அதிகம். செங்கல் சூளையிலேயே இந்த வெப்பத்தைத் தாண்டி வந்ததால், தீயில் அவ்வளவு சீக்கிரம் உடையாது. கூரையைத் தாங்கும் மர உத்தரங்களுக்குத்தான் ஆபத்து.

நம் கோயில்களின் கிரானைட்டிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. 2018 பிப்ரவரி 2 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்தபோது தூண்கள் வெடித்துச் சிதறின. உடனே அபசகுனம் என்ற பேச்சு கிளம்பியது. எனக்கு அதில் வருத்தம்தான். மண்டபத்துக்குள் எரியக்கூடிய சரக்கோடு கடைகள் இருந்ததைப் பற்றி அல்லவா முதலில் பேசியிருக்க வேண்டும்?

தீப்பட்ட தூணைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு பக்கத்திலிருந்து மீயொலித் துடிப்பை (நம் காதுக்குக் கேட்காத ஒலி) செலுத்தி, மறுபக்கம் வந்து சேரும் நேரத்தை அளப்பார்கள். உள்ளே விரிசல் இருந்தால் ஒலி தாமதமாக வரும். கல்லில் கீறல்கூட விழாது. கும்பாபிஷேகத்துக்கு வண்ணம் பூச ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை இந்தச் சோதனைக்கும், நம்மூர்க் கல்வகைகள் எந்தச் சூட்டில் எப்படி உடைகின்றன என்ற ஆய்வுக்கும் கொடுக்கலாம். தீப்பிடிப்பதற்கு முன்பே ஒவ்வொரு தூணையும் அளந்து வைத்திருந்தால்தான், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.