முன்பின் தெரியாதவரோடு கடலுக்கு அடியில்: ஒரு காற்றுக் கணக்கு

அந்தமானின் ஹேவ்லாக் தீவு (இப்போதைய பெயர் ஸ்வராஜ் த்வீப்). படகு கிளம்பிக் கொஞ்ச நேரத்தில், எங்களை வழிநடத்தும் டைவ் மாஸ்டர் விரலை நீட்டி ஜோடி சேர்த்தார். "நீங்களும் அவரும்." எதிர்ப் பலகையில் உட்கார்ந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர்தான் அந்த 'அவர்'. பெயர் கேட்டேன், சொன்னார். ஊர் புனே. அறிமுகம் அதோடு முடிந்தது. இன்னும் அரை மணி நேரத்தில் அவர் முதுகில் இருக்கும் சிலிண்டர்தான் எனக்கு மாற்று மூச்சு. என்னுடையது அவருக்கு.

முதுகில் காற்றுச் சிலிண்டரோடு மூழ்கும் ஸ்கூபாக்காரர்கள் இந்தத் துணையை 'படி' (buddy) என்பார்கள். தமிழில் எழுதினால் மாடிப்படி மாதிரியும் அரிசிப்படி மாதிரியும் இருக்கிறது. அதனால் கூட்டாளி என்றே வைத்துக்கொள்கிறேன்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், கல்லின் எடையில் மூச்சடக்கி இறங்குகிறவரின் கயிற்றை மேலே படகில் ஒருவர் பிடித்திருப்பார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று தூத்துக்குடிப் பக்கம் சொல்வதுண்டு. கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்கும்போது அவன் அசட்டையாக இருக்க மாட்டான் என்பது கணக்கு. தனியாகப் பயணம் போய் டைவ் பண்ணுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. படகில் யார் மிச்சமோ அவரே மச்சான்.

அப்போது இறங்குவதா, வேண்டாமா? பெரும்பாலும் முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறோம். சிரிக்கிறாரா, விலையுயர்ந்த கருவிகள் வைத்திருக்கிறாரா, பேச்சில் பந்தா இருக்கிறதா. இவற்றால் தெரிவது சொற்பம். இது பெரும்பாலும் இயற்பியல் கேள்வி. காகிதமும் பேனாவும் இருந்தால் பாதி விடையைப் படகிலேயே எழுதிவிடலாம்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. நீர்மட்டத்தில் 1, 10 மீட்டரில் 2, 20-ல் 3, 30-ல் 4. சுற்றியுள்ள நீர் நெஞ்சை எவ்வளவு அழுத்துகிறதோ, அதே அழுத்தத்தில் ரெகுலேட்டர் காற்றை வாய்க்குத் தருகிறது. 1943-ல் ழாக் குஸ்தோவும் எமில் காஞ்ஞானும் சேர்ந்து உருவாக்கிய கருவியின் சாமர்த்தியம் அதுதான். அது இல்லாவிட்டால் அந்த ஆழத்தில் நுரையீரலை விரிக்கவே முடியாது. ஆனால் சும்மா கிடைப்பதில்லை. 20 மீட்டரில் இழுக்கும் ஒரு மூச்சு, கரையில் இழுக்கும் மூன்று மூச்சுக்கான காற்றைத் தின்றுவிடுகிறது.

காற்று தீர்ந்தால் நேராக மேலே பாய்ந்துவிடலாமே என்று தோன்றும். 10 மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் நுரையீரலில் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரிகிறது. பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியலாம். அது போக, திசுக்களில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெதுவாக வெளியேற அவகாசம் வேண்டும். ஆகவே நிமிடத்துக்கு சுமார் 9 மீட்டர் என்ற வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, பிறகு மேலே வருவது வழக்கம். 20 மீட்டரிலிருந்து இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். கூட்டாளி என்று ஒருவர் இருப்பதற்கான தலையாய காரணம் இந்த ஐந்து நிமிடக் காற்றுதான். ஃபோட்டோ எடுத்துத் தருவதெல்லாம் அப்புறம்.

சரி, கணக்குக்கு வருவோம். வாடகைக்குக் கிடைக்கும் அலுமினிய சிலிண்டர் ஏறக்குறைய 11 லிட்டர் கொள்ளும். 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. நிதானமாக இருப்பவர் கரை அளவில் நிமிடத்துக்கு 15 லிட்டர் மூச்சு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பயந்தவருக்கு 30, அதற்கு மேலும் போகலாம். இப்போது ஒருவரின் காற்று தீர்ந்து, இருவரும் ஒரே சிலிண்டரில் மூச்சு விடுகிறார்கள். இருவருக்குமே பயம். ஆக நிமிடத்துக்கு 60 லிட்டர்.

20 மீட்டரில் நிலைமையைப் புரிந்துகொண்டு ரெகுலேட்டரை வாயில் வைத்து நிதானத்துக்கு வர ஒரு நிமிடம்: மூன்று மடங்கு அழுத்தத்தில் 180 லிட்டர். 5 மீட்டர் வரை ஏற ஏறக்குறைய 225. அங்கே மூன்று நிமிடம் நிற்க 270. மிச்ச ஏற்றத்துக்கு 40. மொத்தம் 715 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டரில் அது 65 பார்.

இதே கணக்கை 30 மீட்டருக்குப் போட்டால் ஏறக்குறைய 1,010 லிட்டர், அதாவது 92 பார். 10 மீட்டருக்குப் போட்டால் 490 லிட்டர், 45 பார்.

படகுகளில் சொல்லப்படும் விதி பொதுவாக "50 பார் வந்ததும் சொல்லுங்கள்" என்பது. 10 மீட்டரில் அந்த 50 பார் இருவரை மேலே கொண்டுவரும். 20 மீட்டரில் அது போதாது, 5 மீட்டரில் நிற்கும் நேரத்தைக் குறைத்தால்தான் தப்பலாம். 30 மீட்டரில் அந்த மிச்சத்தை நம்பிக் காற்றைப் பகிர்ந்தால், முறையாக ஏறி முடிக்கும் முன்பே அதுவும் தீர்ந்துவிடும். விதி ஒன்றுதான், ஆழம்தான் வேறு. தெரியாத ஆளோடு இறங்கலாமா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இவரோடு எத்தனை மீட்டர் இறங்கலாம், எத்தனை பாரில் திரும்பலாம் என்று கேட்டால் கிடைக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் 1992 முதல் 2003 வரையிலான 947 டைவிங் மரணங்களை எடுத்து அலசினார்கள். எந்தச் சிக்கலிலிருந்து விபத்து தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 சதவீதத்துக்குக் காற்றுப் பற்றாக்குறைதான் தொடக்கம். சுறா பற்றிக் கவலைப்படுகிறவர்கள், சிலிண்டரில் மிச்சமிருக்கும் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜைப் பார்ப்பது நல்லது.

காற்று இருந்தால் மட்டும் போதாது, எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். உள்ளே இழுக்காமல் அறையின் மறுமூலைக்கு நடந்து போங்கள். சிலிண்டர் தீரும் தருணம் அப்படித்தான் தெரியவரும்: மூச்சை விட்டுவிட்டு இழுக்கப் போகும்போது ஒன்றும் வராது. நிறைந்த நுரையீரலோடு மூச்சடக்குவது வேறு, காலி நுரையீரலோடு நீந்துவது வேறு. கருவிகளைச் சுமந்துகொண்டு, காலில் மாட்டிய ஃபின் என்ற துடுப்பை அடித்து வேகமாகப் போனாலும் நொடிக்கு அரை மீட்டர் போனால் பெரிய விஷயம். எட்டு மீட்டர் தள்ளியிருக்கும் கூட்டாளியை அடைய 16 நொடி, அதுவும் அவர் நகராமல் நின்றால். ஓரிரண்டு மீட்டருக்குள் இல்லாதவரைக் கூட்டாளிக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

கூப்பிட்டால் திரும்புவாரே என்றால், அதிலும் சிக்கல். நீரில் ஒலி நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் ஓடுகிறது, காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் மேல். ஒலி ஒரு காதுக்கு முதலில், மறு காதுக்குச் சற்றுப் பின்னால் வருகிற அந்த மிகச் சிறிய இடைவெளியை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. நீருக்கடியில் அந்த இடைவெளி கால் பங்குக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. சிலிண்டரை 'டங் டங்' என்று தட்டினால் யாரோ தட்டுகிறார்கள் என்று தெரியும், எங்கிருந்து என்று தெரியாது. மாஸ்க்கோ குதிரைக்குக் கட்டும் கண்மறைப்பு போல ஓரப் பார்வையை வெட்டிவிடும். ஆகவே கூட்டாளி பக்கத்தில் வர வேண்டும், பின்னால் வரக் கூடாது. பின்னால் வருகிறவர் உங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். உங்களுக்கு அவர் இருக்கிறாரா என்றே தெரியாது. கேமரா வைத்திருப்பவர்கள் இதில் தனி ரகம். ஒரு குட்டி நத்தைக்கு முன்னால் ஐந்து நிமிடம் குப்புறக் கிடப்பார்கள்.

புனேக்காரரிடம் கேமரா இருந்தது. அதனால் அவரை எடைபோட ஆரம்பித்தேன்.

முதலில் கேட்டது, கடைசியாக எப்போது டைவ் பண்ணினீர்கள் என்று. சான்றிதழ் அட்டையை நான் பெரிதாக மதிப்பதில்லை. தொடக்கநிலையான ஓப்பன் வாட்டர் அட்டை இருந்தால் 18 மீட்டர், அடுத்த நிலையான அட்வான்ஸ்டு இருந்தால் 30 மீட்டர் என்பார்கள். அந்த அட்டைக்குக் காலாவதி கிடையாது. பத்து வருடத்துக்கு முன் ஒருமுறை செய்துகாட்டினார் என்பதற்கு மட்டும் அது சாட்சி. எத்தனை டைவ் என்ற எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வார்கள். "போன தடவை எங்கே, எவ்வளவு ஆழம், மேலே வரும்போது எத்தனை பார் இருந்தது" என்று கேட்டால் கூட்டிச் சொல்வது கஷ்டம். அவர் தயங்காமல் பதில் சொன்னார். பதிலுக்கு என்னைக் கேட்டார். "கொஞ்ச நாளாச்சு" என்றேன். அந்தக் கொஞ்ச நாள் என்பது இரண்டு வருடம். தெரியாத கூட்டாளி பொய் சொல்லக்கூடும் என்று எச்சரிக்கிறவர்கள், அந்தப் பொய் நம் வாயிலிருந்தும் வரும் என்பதைச் சொல்வதில்லை.

அடுத்தது இறங்கும் முன் ஒருவர் கருவியை இன்னொருவர் சோதிப்பது. மிதவைச் சட்டையில் காற்று ஏறுகிறதா, எடைகளைக் கழற்றும் பிடி எங்கே, கொக்கிகள் எந்தப் பக்கம், காற்று எப்படி. கடைசியாகச் சொன்னதில் ஒரு நுணுக்கம் உண்டு. ரெகுலேட்டரில் நான்கைந்து மூச்சு இழுத்துக்கொண்டே பிரஷர் கேஜின் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் வால்வு நன்றாகத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் முள் கீழே போய் மேலே வந்தால் வால்வு அரைகுறையாகத்தான் திறந்திருக்கிறது. படகில் அது தெரியாது, மூச்சு சுகமாகவே வரும். 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மூன்று மடங்கு காற்று அந்தச் சின்னத் துளை வழியாக வர வேண்டியிருக்கும்போது திடீரென்று மூச்சு இறுகும்.

தெரியாதவரோடு இந்தச் சோதனை கருவிக்கு மட்டுமல்ல, ஆளுக்கும்தான். கை பழக்கமாகப் போகிறதா, தேடுகிறதா. நான் தொட்டுப் பார்ப்பதை அவமானமாக நினைக்கிறாரா. "ஐயோ, எல்லாம் சரியா இருக்கு, வாங்க" என்று சோதனையைத் தட்டிக் கழிப்பவரோடு நான் இறங்க மாட்டேன். இது என் சொந்த விதி. கண்டிப்பானது என்று சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

காற்று கேட்டால் எதைத் தருவார் என்பதையும் பேசிவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் மஞ்சள் நிறத்தில் ஒரு உபரி ரெகுலேட்டரை நெஞ்சருகே மாட்டியிருப்பார்கள். குகை டைவிங் பாணியில் பயின்றவர்கள் இரண்டு மீட்டர் நீளக் குழாயோடு, தம் வாயில் இருப்பதையே பிடுங்கித் தருவார்கள். இரண்டுமே நல்ல முறைதான். நீங்கள் மஞ்சளைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் வாயிலிருந்ததை உங்கள் முகத்தில் திணித்தால்தான் குழப்பம்.

சைகைகளும் அப்படியே. நம் ஊரில் கட்டைவிரலை உயர்த்தினால் 'பிரமாதம்'. நீருக்கடியில் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். அழகான மீனைக் கண்ட குஷியில் ஒருவர் கட்டைவிரலைக் காட்ட, கூட்டாளி டைவை முடித்துக்கொண்டு ஏறத் தொடங்கியதை நானே பார்த்திருக்கிறேன். பார் எண்ணைக் காட்டும் விதம் பயிற்சிக்குப் பயிற்சி மாறும். பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் மேலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்: ஒரு நிமிடம் சுற்றித் தேடுவது, காணோம் என்றால் மேலே வந்து சந்திப்பது.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால்? பணம் கட்டியாகிவிட்டது, படகு கிளம்பிவிட்டது, எல்லோரும் பார்க்கிறார்கள். 'வேண்டாம்' என்ற சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இறங்காமலே இருந்துவிடுவது முழுக்க நம் உரிமை. அதற்கு முன், "எங்களை ஆழம் குறைந்த பக்கம் விடுங்கள்" என்று கேட்டுப் பார்க்கலாம். காற்றுக் கணக்கை நம் பக்கம் சாய்க்க இதைவிட எளிய வழி இல்லை.

நான் அதைத்தான் கேட்டேன். மற்றவர்கள் ஆழத்துக்குப் போக, நாங்கள் இருவரும் அதே பவளத்திட்டின் மேட்டுப் பக்கம் இன்னொரு வழிகாட்டியோடு இறங்கினோம். சராசரி ஆழம் 10 மீட்டர், 40 நிமிடம். புனேக்காரர் ஒவ்வொரு படத்துக்கும் நடுவே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். படகேறியதும் கேஜைப் பார்த்தோம். 200-ல் தொடங்கியவை, அவருடையது 110, என்னுடையது 70. மனத்துக்குள் கணக்குப் போட்டேன். கரை அளவில் அவர் நிமிடத்துக்கு 12 லிட்டர் சொச்சம், நான் கிட்டத்தட்ட 18.

அவரும் கணக்குப் போட்டிருப்பார் போல. தேநீரை நீட்டிக்கொண்டே கேட்டார்: "இரண்டாவது டைவையும் இதே ஆழத்தில் வைத்துக்கொள்வோமா?"