எலுமிச்சம்பழமும் டயரும்

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஏனுங்க, முன்னெல்லாம் பதினெட்டு குடுத்த காரு இப்ப பதினஞ்சுதான் குடுக்குது. ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு, ஆயில் மாத்தியாச்சு. வேற என்னதானுங்க பண்றது?"

ஏர் ஃபில்டரால் மைலேஜ் ஏறாததில் ஆச்சரியமில்லை. கார்புரேட்டர் காலத்தில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படும். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் உள்ளே போகும் காற்றை சென்சார் கணக்குப் பார்க்கிறது. அதற்குத் தகுந்தபடிதான் பெட்ரோல் இறங்கும். ஃபில்டர் அடைத்தால் இழுவை மந்தமாகும், அவ்வளவே. ஆயிலைப் பொறுத்தவரை, கம்பெனி சொன்ன கிரேடைப் போட்டால் ஒன்றிரண்டு சதவீதம் மிச்சம்.

சரி, டயருக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஆயுத பூஜையன்று நம் ஊரில் காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவோம். திருஷ்டி போகுமா என்பது பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் அந்தப் பழம் ஒரு நல்ல பௌதிகப் பாடம். பழத்தை நசுக்கச் செலவான ஆற்றலில் எதுவும் திரும்பி வராது. அதே இடத்தில் நல்ல எஃகு ஸ்பிரிங்கை வைத்தால், கொடுத்ததை ஏறக்குறைய முழுசாகத் திருப்பித் தரும். டயர் ரப்பர் இரண்டுக்கும் நடுவில்.

டயர் தரையைத் தொடும் இடத்தில், ஒரு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பரப்பு தட்டையாகிறது. அந்தப் பரப்பின் முன்பாதி நசுங்கிக்கொண்டே வருகிறது, பின்பாதி நிமிர்ந்துகொண்டே போகிறது. நசுங்கும் ரப்பர் சக்கரத்தைத் தடுக்கும். நிமிரும் ரப்பர் முன்னால் தள்ளிவிடும். இரண்டும் சமமாக இருந்தால் நஷ்டமே இல்லை. ஆனால் ரப்பர் கொஞ்சம் சோம்பேறி, நிமிர்வதற்குத் தாமதிக்கும். அதனால் முன்பாதியின் தடை பின்பாதியின் தள்ளலைவிட எப்போதும் ஒரு பிடி அதிகம். அந்த வித்தியாசம் ரப்பருக்குள்ளேயே சூடாகிவிடுகிறது.

ஒரு டன் காரைச் சமதரையில் உருட்ட, டயருக்காக மட்டும் சுமார் 10 கிலோவைத் தூக்கும் விசை வேண்டும். பெருந்துறையிலிருந்து கோவைக்குப் போகும் 80 கிலோமீட்டரும் பத்து லிட்டர் குடத்தைக் கிணற்றிலிருந்து இறைத்துக்கொண்டே போவதுபோல. அதற்குள் டயரின் ஒவ்வொரு துண்டும் 40,000 தடவைக்கு மேல் நசுங்கி நிமிர்ந்திருக்கும். காற்று குறைந்தால் ஒவ்வொரு தடவையும் நசுக்கல் ஆழமாகிறது. ரப்பரில் கார்பன் பொடிக்குப் பதிலாகப் பெரும்பங்கு சிலிக்கா கலந்து இந்தச் சோம்பலைக் குறைத்த டயரை மிஷெலின் 1992-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட ரப்பரை வாங்கி மாட்டிவிட்டு, காற்றுப் பார்க்காமல் ஓட்டுகிறோம்!

நானும்தான். போன மார்கழியில் பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இருக்க வேண்டிய இடத்தில் பின்டயர் 24 காட்டியது. கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஹோஸை எடுத்தார். நல்ல டயரே மாதம் ஒரு பிஎஸ்ஐ அளவுக்கு இழக்கும். குளிர் விழுந்தால் இன்னும் இறங்கும். அதனால் காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். அளவு டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும். நைட்ரஜனுக்குக் காசு கேட்டால், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் என்று சொல்லிவிட்டு வரலாம்.

ஆனால் ஒன்று. நாலு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம்தான் போகும். பதினெட்டு பதினைந்தாக இறங்கியதற்கு இது மட்டும் காரணமாக இருக்க முடியாது. அதனால் வாசகருக்கு இப்படிப் பதில் எழுதினேன்: இன்ஜின் விளக்கு எரிகிறதா பாருங்கள், எரிந்தால், புகையைப் பார்த்துப் பெட்ரோல் அளவைத் திருத்த உதவும் ஆக்சிஜன் சென்சார் கெட்டிருக்கலாம். அப்புறம், அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, அதிகம் பிரேக் போடாமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும், அதைத் தொடாமல், கையைக் கொண்டுபோங்கள். வீணாகும் பெட்ரோல் எங்கேயாவது சூடாகத்தான் வெளிவந்தாக வேண்டும்.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. "பின்னாடி லெப்ட் சக்கரத்துப் பக்கம் கையே வைக்க முடியலீங்க. ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகிக் கெடந்துச்சாமுங்க."