ஆயில் விளக்கு அணைந்திருந்தால் போதுமா?

பாபநாசம் மலை ஏறி இறங்கி, உச்சி வெயிலில் நெல்லை வரை ஓடிவந்த பழைய அம்பாசடர் வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்கிறது. மீட்டர் போர்டில், என்ஜின் ஆயிலின் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் ஆயில் விளக்கு சிவப்பாக மினுக்குகிறது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடும். "பழைய வண்டின்னா அப்படித்தான் அண்ணாச்சி" என்று விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

என்ஜின் பிளாக்கில் கட்டைவிரல் அளவில் ஒரு பிரஷர் சுவிட்ச் திருகியிருக்கும். அதற்குள் ஒரு மெல்லிய சவ்வு, ஒரு ஸ்பிரிங், இரண்டு தொடுமுனைகள். சாவியைத் திருப்பியதும் பல்பு வழியாக வரும் மின்சாரம், ஸ்பிரிங் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்த முனைகளைக் கடந்து பிளாக்கில் எர்த் ஆகும், விளக்கு எரியும். என்ஜின் ஓடத் தொடங்கி பம்ப் ஆயிலைத் தள்ளியதும், அழுத்தம் சவ்வை நெம்பி முனைகளைப் பிரித்துவிடும். விளக்கு அணையும்.

முனைகள் பிரிய பெரும்பாலும் 5 முதல் 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) போதும். ஆனால் இந்த 1489 சிசி என்ஜின் நல்ல நிலையில் சாலையில் ஓடும்போது 40, 50 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். அது 10-க்கு இறங்கினாலும் விளக்கு வாய் திறக்காது. அது எரியும்போது காரியம் ஏற்கெனவே முற்றியிருக்கும்.

சிக்னலில் மட்டும் மினுக்குவது ஏன்? என்ஜினுக்குள் சுழலும் பிரதான தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கும், அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே ஏறத்தாழ 0.05 மி.மீ. இடைவெளிதான். அதில் நிற்கும் ஆயில் படலமே உலோகமும் உலோகமும் உரசாமல் காக்கிறது. பேரிங் தேய்ந்தால் இடைவெளி கூடும். சூட்டில் இளகிய ஆயில் அதன் வழியே சுலபமாக வழிந்துவிடும். வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும் ஸ்லோவில் பம்பும் மெதுவாகச் சுற்றுவதால் ஈடுகொடுக்க முடியாது. கெட்டி ஆயில் ஊற்றி விளக்கை அணைத்துவிடலாம்தான். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும்; அந்த வைத்தியம் எனக்கு உடன்பாடில்லை.

சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவில்லையா? சுவிட்ச் ஒயரைக் கழற்றி பிளாக்கில் தொட்டுப் பாருங்கள். எரிந்தால் சுவிட்ச் போயிருக்கிறது. எரியாவிட்டால் பல்போ ஒயரோ. மாறாக, ஒயரைக் கழற்றிய பிறகும் விளக்கு அணையாவிட்டால், ஒயர் எங்கோ பாடியில் உரசி எர்த் ஆகிறது. சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அழுத்தத்தை எண்ணில் காட்டும் ஒரு பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும். பழைய கார் வைத்திருப்பவர்கள் கேஜை நிரந்தரமாகவே பொருத்திக்கொள்வது நல்லது.

ஓடும்போது விளக்கு எரிந்தால் உடனே ஓரம்கட்டி என்ஜினை அணையுங்கள். ஆயில் அளவைப் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கில் ஆயில் சரியாகவே இருந்தாலும், பம்ப் அதைத் தள்ளுகிறது என்று அர்த்தமில்லை. கேஜ் வைத்துப் பார்க்கும்வரை ஸ்டார்ட் செய்யாமல், மெக்கானிக்கிடம் கட்டி இழுத்தே கொண்டுபோங்கள்.