லாப் ஸ்டீல் கிட்டார்: கம்பி வாங்கும் முன் ட்யூனிங்கை முடிவு செய்யுங்கள்

மடியில் கிடத்தி, 'பார்' என்னும் உலோகத் துண்டைக் கம்பி மேல் வழுக்கி வாசிப்பது லாப் ஸ்டீல் கிட்டார். புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் இதை வாசிப்பவர்கள் குறைவு. கீபோர்டுக்கும் சாதாரண கிட்டாருக்கும் கிடைக்கிற ஆசிரியர்கள் இதற்குக் கிடைப்பதில்லை. அதனால் வீடியோ பார்த்தே பலர் கற்றுக்கொள்கிறார்கள். ட்யூனிங் என்பது எந்தக் கம்பியை எந்தச் சுரத்தில் நிறுத்துவது என்ற அமைப்பு. வீடியோவில் வாசிப்பவர் 'சி6' என்றால் இவர்களும் சி6, 'ஓப்பன் ஜி' என்றால் இவர்களும் ஓப்பன் ஜி. கையில் இருப்பதோ சாதாரண கிட்டார், அதில் சாதாரணக் கம்பி. கீயைத் திருகத் திருகக் கம்பி அறுந்து விரலைக் கிழிக்கிறது. அறுகாமல் தாங்கினால், சில வாரங்களில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ், பலகையை விட்டுப் பெயர்கிறது. பழுதுக்கு வரும் கருவிகளில் இந்தச் சேதம் திரும்பத் திரும்பக் காணக் கிடைக்கிறது.

முதலில் பாட்டு, பிறகு பாடுபவரின் கட்டை (சுருதி), அதற்கேற்ற ட்யூனிங், கடைசியில் கம்பி. இந்த வரிசையில் போனால் பணமும் கையும் தப்பும்.

சுரமாக எழுதிப் பாருங்கள்

சாதாரண கிட்டாரில் விரல்கள் தனித்தனியாக அழுத்துவதால் எந்தக் கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தையும்) கட்டலாம். லாப் ஸ்டீலில் ஒரே ஒரு நேரான பார் ஆறு கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் (கழுத்தில் அரைச் சுரத்துக்கு ஒன்றாக உள்ள கோட்டில்) தொடுகிறது. கம்பிகளுக்கு நடுவே என்ன சுர இடைவெளி வைத்தீர்களோ, அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் கார்டு. பாரைச் சாய்த்துப் பிடிப்பது, வேண்டாத கம்பியை விட்டு மீட்டுவது, இந்த இரண்டைத் தவிர வேறு வழியில்லை.

ட்யூனிங் பெயர்கள் ஏகப்பட்டவை. சுரத்தில் எழுதினால் பாதி மறைந்துவிடும். தடித்த 6ஆம் கம்பியிலிருந்து மெல்லிய 1ஆம் கம்பிவரை:

ஓப்பன் டி: டி ஏ டி எஃப்-ஷார்ப் ஏ டி. அதாவது ச ப ச க ப ச. ஓப்பன் ஈ என்பதும் இதே அமைப்புதான், இரண்டு ஃப்ரெட் உயரத்தில்.

தாழ்ந்த ஓப்பன் ஜி: டி ஜி டி ஜி பி டி. ப ச ப ச க ப. ஓப்பன் ஏ இதன் உயர்ந்த வடிவம்.

டோப்ரோ ஜி (டோப்ரோ என்பது உள்ளே உலோகக் கூம்பு வைத்த கிட்டார்): ஜி பி டி ஜி பி டி. ச க ப ச க ப. இதையே இரண்டு ஃப்ரெட் ஏற்றினால் 'ஹை பாஸ் ஏ'.

சி6: சி ஈ ஜி ஏ சி ஈ. ச க ப த ச க. ஹவாய்க் கருவியில் இந்த ட்யூனிங் பரவ முக்கியக் காரணம் அமெரிக்க ஸ்டீல் கிட்டார் கலைஞர் ஜெர்ரி பேர்ட்.

ஈ7, பி11, ஏ6 என்று இன்னும் உண்டு. எட்டுக் கம்பிக் கருவி வாங்கும்போது அவற்றைப் பற்றி யோசித்தால் போதும். மேலே உள்ள நான்கு அமைப்பும் கைக்கு வந்துவிட்டால், வீடியோவில் வரும் பெரும்பாலான ட்யூனிங்குகள் புதிதாகத் தெரியாது.

கம்பி ஏன் அறுகிறது

ஒரு கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிப்படி கூடும். அதே கம்பியை ஒரு ஃப்ரெட் உயர்த்தினால் இழுவிசை சுமார் 12 சதவீதம் ஏறும். இரண்டு ஃப்ரெட்டுக்கு 26, மூன்றுக்கு 41. இந்த மூன்று எண்களை நினைவில் வைத்திருந்தால் எந்த ட்யூனிங் ஆபத்து என்று கடையிலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

சாதாரண ட்யூனிங்கிலிருந்து ஓப்பன் டிக்குப் போக 6, 2, 1ஆம் கம்பிகள் இரண்டு ஃப்ரெட் இறங்குகின்றன, 3ஆம் கம்பி ஒன்று இறங்குகிறது, மற்றவை அப்படியே. எதுவும் ஏறவில்லை. கையில் இருக்கும் கிட்டாரில் தொடங்க இதைவிடப் பத்திரமான ட்யூனிங் இல்லை. டோப்ரோ ஜியில் 6ஆம் கம்பி மூன்று ஃப்ரெட்டும் 5ஆம் கம்பி இரண்டு ஃப்ரெட்டும் ஏறும். அதற்கென்று தடிமன் 16இல் தொடங்கி 56 வரை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போகும் தனி செட் உண்டு. அந்தத் தடித்த செட்டைச் சதுரக் கழுத்துள்ள டோப்ரோவில் மட்டும் போடுங்கள். வட்டக் கழுத்துச் சாதாரண அகௌஸ்டிக்கில் போட்டால் கழுத்து வளையும், பிரிட்ஜ் தூக்கும்.

சி6தான் அதிகம் ஏமாற்றுவது. கம்பிகளை 6லிருந்து 1 வரை பார்த்தால் ஏற்றம் 8, 7, 5, 2, 1, 0 ஃப்ரெட். 6ஆம் கம்பியின் இழுவிசை இரண்டரை மடங்காகிவிடும். எந்தச் சாதாரண செட்டும் இதைத் தாங்காது, தாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

22.5 அங்குல நீளமுள்ள எலக்ட்ரிக் லாப் ஸ்டீலுக்கு சி6 கம்பிகளின் கேஜ் (தடிமன்) 1லிருந்து 6 வரை 15, 18, 22, 26, 30, 36 என்று இருந்தால் விசை ஏறக்குறையச் சமமாக விழும். இது செட்டாக இணையத்தில் கிடைக்கிறது. இங்குள்ள இசைக்கருவிக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சாதாரண கிட்டார் செட்தான். காத்திருக்க முடியாதவர்கள் 11-49 எலக்ட்ரிக் செட் ஒன்றை வாங்கலாம். அதில் 11, 14, 18, 28, 38, 49 இருக்கும். 14ஐ முதல் கம்பியாகவும் 18ஐ இரண்டாவதாகவும் 28ஐ நான்காவதாகவும் 38ஐ ஆறாவதாகவும் போடுங்கள். மூன்றாவதுக்குச் சுற்றில்லாத (மேலே வேறு கம்பி சுற்றாத) 22, ஐந்தாவதுக்குச் சுற்றுள்ள 30 ஆகிய இரண்டை மட்டும் தனியாகத் தேட வேண்டும். 11ம் 49ம் மிஞ்சும்.

மெல்லிய கம்பி அறுந்தால் அடுத்த முறை தடித்ததைப் போடுவது பலரது வழக்கம். சுற்றில்லாத எஃகுக் கம்பிக்கு இது உதவாது. தடிமன் கூடும்போது பலமும் கூடுகிறது, இழுவிசையும் அதே அளவில் கூடுகிறது. எந்த உயரத்தில் அறுகும் என்பது நீளத்தைப் பொறுத்தது. 22.5 அங்குலக் கருவியில் தாங்கும் சுருதி 25.5 அங்குலக் கிட்டாரில் தாங்காமல் போவது இதனால்தான்.

கம்பியின் அதிர்வை மின்னொலியாக்கும் காந்தப் பிக்கப் உள்ள கருவியில் வெண்கலச் சுற்றுக் கம்பி போடாதீர்கள். தடித்த கம்பிகளின் ஒலி அடங்கிப்போகும், 'பிக்கப் கெட்டுவிட்டது' என்று கருவியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டிவரும். நிக்கல் சுற்று போதும்.

சினிமாப் பாட்டும் தேவாலயப் பாட்டும்

மேஜர் கார்டு மூன்றிலேயே முடிந்துவிடும் தேவாலயப் பாடல்களுக்கு எந்த ஓப்பன் ட்யூனிங்கும் போதும். 0 (திறந்த கம்பி), 5, 7 ஆகிய மூன்று ஃப்ரெட்டில் வேலை முடிந்துவிடும். மைனர் வந்தால்தான் சிக்கல். டோப்ரோ ஜியில் மைனர் வேண்டுமானால் அந்த மைனரின் ஆதார சுரத்திலிருந்து மூன்று ஃப்ரெட் மேலே உள்ள மேஜர் இடத்துக்குப் போய், பஞ்சமக் கம்பிகளை விட்டுவிட்டு மீட்ட வேண்டும். ஈ மைனருக்கு 0 ஃப்ரெட்டில் ஜி, பி கம்பிகள் மட்டும். இரண்டு சுரத்தில் மைனர் என்று காது ஏற்றுக்கொள்ளும், ஆனால் மெலிந்துதான் கேட்கும்.

மைனர் நிறைந்த தமிழ்த் திரையிசைக்கு சி6 ஏன் பொருந்துகிறது என்பது இங்கே புரியும். 6, 5, 4ஆம் கம்பிகள் சி மேஜர். 3, 2, 1 கம்பிகள் ஏ மைனர். இரண்டும் ஒரே ஃப்ரெட்டில். ஆகவே 0, 5, 7 ஆகிய மூன்று இடங்களில் சி, எஃப், ஜி மேஜர்களும் ஏ, டி, ஈ மைனர்களும் பாரைச் சாய்க்காமலே கிடைக்கின்றன. மேஜர் மீட்டும்போது 3ஆம் கம்பி தெரியாமல் சேர்ந்துவிட்டால் ஹவாய் வாசனை வந்துவிடும். அது வேண்டாத பாட்டில் 4, 2, 1 என்று பிடியுங்கள், நடுவில் 3ஐத் தாண்டி.

இரட்டைச் சுரமாக மெட்டு வாசிக்க இதில் ஒரு நல்ல வசதி உண்டு. சி ஸ்கேலை இரண்டு கம்பிகளில் இப்படி ஏறலாம்: 2-1 கம்பிகள் 0 ஃப்ரெட், 3-2 கம்பிகள் 5, 3-2 கம்பிகள் 7, 2-1 கம்பிகள் 5, 2-1 கம்பிகள் 7, 3-2 கம்பிகள் 12, 3-2 கம்பிகள் 14, 2-1 கம்பிகள் 12. பெரிய இடைவெளி வேண்டிய இடத்தில் 2-1, சிறிய இடைவெளி வேண்டிய இடத்தில் 3-2. நாள்தோறும் பத்து நிமிடம் இதை ஏறி இறங்கினால் பழைய பாடல்களின் இடையிசை பலவும் விரலுக்குத் தானாக வரும்.

சி6இல் நேரான பாரில் ஏ7, டி7 போன்ற செவன்த் கார்டு கிடையாது. 6ஆம் கம்பியை சியிலிருந்து சி-ஷார்ப்புக்கு ஏற்றினால் 6, 5, 4, 3 கம்பிகளில் ஏ7 வந்துவிடும். 5ஆம் ஃப்ரெட்டில் டி7, 7இல் ஈ7, 10இல் ஜி7. விலை என்னவென்றால் தடித்த சி போய்விடும், மேஜருக்கு அடித்தளம் இருக்காது. அந்தக் கம்பியைத் தொடாமல் வாசிக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

ராகம் வாசிப்பவர்களுக்கு

கோட்டுவாத்தியம் நம் மண்ணிலேயே இருக்கிறது. கருங்காலிக் கட்டையை வழுக்கி வாசிக்கும் அந்த மரபுக்கு ச-ப சுருதிதான் அடிப்படை. லாப் ஸ்டீலில் கர்நாடக சங்கீதம் வாசிப்பவர்களுக்கு சி6 ஆகாது என்பது எங்கள் கருத்து. தைவதமும் காந்தாரமும் சும்மா கிடந்து ஒலித்துக்கொண்டே இருக்கும்.

ஓப்பன் டி என்பது 2 கட்டை. சங்கராபரணம், கல்யாணி, அரிகாம்போதி, மோகனம் ஆகியவற்றுக்கு அப்படியே பொருந்தும், எல்லாவற்றிலும் அந்தர காந்தாரம் இருக்கிறது. கரகரப்பிரியாவோ தோடியோ எடுத்தால் 3ஆம் கம்பி அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி குறுக்கே வரும். அந்த ஒரு கம்பியை மட்டும் ஒரு ஃப்ரெட் ஏற்றி ஜி ஆக்குங்கள். ச ப ச ம ப ச. சுத்த மத்யமமும் பஞ்சமமும் உள்ள ராகங்கள் எல்லாம் இதில் அடங்கும். கல்யாணிக்கும் மோகனத்துக்கும் மட்டும் திரும்ப இறக்கிவிட வேண்டும். இந்தோளத்தில் பஞ்சமமே கிடையாது. அப்போது 5, 2ஆம் கம்பிகளையும் இரண்டு ஃப்ரெட் இறக்கி மத்யமமாக்கலாம், அல்லது உள்ளங்கையால் அமர்த்தி வாசிக்கலாம்.

பாடுபவர் 5 கட்டை என்றால் 5ஆம் ஃப்ரெட்டை ஷட்ஜமாக வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், திறந்த கம்பியின் கார்வை முழுக்கப் போய்விடும். ஓப்பன் டியிலிருந்து தாழ்ந்த ஓப்பன் ஜிக்கு மூன்று கம்பிகளே மாறுகின்றன. 5ஆம் கம்பியை இரண்டு ஃப்ரெட் இறக்கி, 3ஆம் கம்பியை ஒன்று ஏற்றி, 2ஆம் கம்பியை இரண்டு ஏற்றினால் போதும். 2ஆம் கம்பி அதன் வழக்கமான 'பி' சுரத்துக்குத்தான் திரும்புகிறது, அதனால் பயமில்லை. ஐந்தரைக் கட்டை என்றால் எல்லாவற்றையும் ஒரு ஃப்ரெட் ஏற்ற வேண்டும். கம்பிகளை மொத்தமாக அழுத்திப் பிடிக்கும் சாதாரண கேப்போ, உயர்த்திய கம்பியில் பிடிக்காது, லாப் ஸ்டீலுக்கென்று தனியாக வருவதை வாங்க வேண்டும்.

சுருதி கூட்டும் முறை

ஓப்பன் டியைக் கூட்ட, ட்யூனரில் 6ஆம் கம்பியை மட்டும் டியில் நிறுத்துங்கள். மற்ற ஐந்தையும் அதன் ஹார்மானிக்ஸிலிருந்தே (ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் வரும் ஒலி) எடுக்கலாம். 12ஆம் ஃப்ரெட் ஹார்மானிக் 4ஆம் கம்பிக்கு. 7ஆம் ஃப்ரெட் 2ஆம் கம்பிக்கு. 5ஆம் ஃப்ரெட் முதல் கம்பிக்கு. 5ஆம் கம்பியின் 12ஆம் ஃப்ரெட் ஹார்மானிக், 6ஆம் கம்பியின் 7ஆம் ஃப்ரெட் ஹார்மானிக்கோடு சேர வேண்டும். 3ஆம் கம்பியின் 12ஆம் ஃப்ரெட் ஹார்மானிக், 6ஆம் கம்பியின் 4ஆம் ஃப்ரெட் ஹார்மானிக்கோடு அலையில்லாமல் ஒட்ட வேண்டும்.

அப்படி ஒட்டிய பிறகு ட்யூனரைப் பார்த்தால் 3ஆம் கம்பி சுமார் 14 சென்ட் (ஒரு ஃப்ரெட் என்பது 100 சென்ட்) குறைவாகக் காட்டும். பயந்து ஏற்றிவிடாதீர்கள். தம்புராவோடு வாசிக்கும்போது காந்தாரத்தின் சரியான இடம் அதுதான். கீபோர்டோடு சேரும்போது மட்டும் 6, 7 சென்ட் குறைவில் நிறுத்துங்கள். இல்லையென்றால் இரண்டும் உரசும்.

கீயை எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே நிறுத்த வேண்டும். இறக்க வேண்டியிருந்தால் கொஞ்சம் கூடுதலாக இறக்கிவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். கம்பி, கழுத்து நுனியில் உள்ள நட்டின் பள்ளத்தில் 'டிக்' என்று தாவினால் அங்கே பென்சில் கரியைத் தேய்த்துவிடுங்கள். ட்யூனிங்கை மாற்றியதும் கழுத்தின் மீதுள்ள சுமை மாறுவதால், முதலில் கூட்டிய கம்பி கலைந்திருக்கும். இரண்டு மூன்று சுற்று வர வேண்டும். சுருதி சரியாக இருந்தும் வாசிப்பு பிசகினால் கம்பியைக் குறை சொல்லாதீர்கள். பாரின் நடு, ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே நிற்கிறதா என்று மேலிருந்து பாருங்கள். விரல் வைப்பதுபோல் கோட்டுக்குப் பின்னால் வைக்கும் பழக்கம் கிட்டாரிலிருந்து வருபவர்களை நெடுநாள் விடாது.

கடற்காற்று

கடலூர் தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடுகளிலும் சுற்றில்லாத கம்பி வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு விரலுக்குத் தெரியும் முன்பே பாருக்கு அடியில் 'சர்' என்ற இரைச்சலாகக் கேட்கும். வாசித்து முடித்ததும் கம்பியின் மேலும் அடியிலும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். உதிரியாக 1, 2, 3ஆம் கம்பிகளில் இரண்டிரண்டு பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஏசி அறையில் கூட்டிய கருவியை வெளியே கொண்டுவந்தால் எஃகு விரிந்து சுருதி இறங்கும். ஜூன் 21 அன்று புதுச்சேரித் தெருக்களில் நடக்கும் இசைத் திருவிழா மாதிரித் திறந்தவெளியில் வாசிக்க வேண்டியிருந்தால், கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் நிழலில் வைத்த பிறகு கீயைத் தொடுங்கள். ஒரே மேடையில் சி6ம் ஓப்பன் டியும் தேவைப்பட்டால் கீயைத் திருகி மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் கம்பி வேறு, இரண்டு கருவிதான் வேண்டும். ஓப்பன் டிக்கும் தாழ்ந்த ஜிக்கும் ஒரே கருவி போதும். இரண்டு பாட்டுக்கு நடுவே ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.