'பாடப்படாத நாயகர்கள்' என்ன பாவம் செய்தார்கள்?

பாராட்டு மேடை, ஆவணப்படம், விருது அறிவிப்பு என்று எங்கே திரும்பினாலும் 'பாடப்படாத நாயகர்கள்' வந்து நிற்கிறார்கள். முதல் தடவை கேட்பவருக்கு, இயக்குநர் பாட்டுக் காட்சியே கொடுக்காத சினிமாக் கதாநாயகன்தான் நினைவுக்கு வருவான். சொல்ல வந்ததோ வேறு: செய்த வேலைக்குப் பேரும் பாராட்டும் கிடைக்காமல் போனவர்கள். ஆங்கிலத்தின் 'அன்சங் ஹீரோஸ்' என்ற தொடரைச் சொல்லுக்குச் சொல் இறக்கிவைத்ததில் வந்த வினை இது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பில் புதிர் ஒன்றும் இல்லை. 'அன்' எதிர்மறை முன்னொட்டு. 'சங்' என்பது பாடுதலைக் குறிக்கும் வினையின் எச்ச வடிவம். பாடாமல் விட்ட பாட்டு என்பது நேர்ப்பொருள், பாட்டில் இடம்பெறாத ஆள் என்பது கிளைப்பொருள். 1805இல் வந்த வால்டர் ஸ்காட்டின் நெடுங்கவிதை ஒன்றில், பிறந்த மண்மேல் பற்றில்லாத தன்னலக்காரன் அழுவாரும் மதிப்பாரும் பாடுவாரும் இல்லாமல் சாவான் என்று வருகிறது. அங்கே அது தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கும் தண்டனை. இன்றைய வழக்கில், தகுதி இருந்தும் கிடைக்காதவருக்கான அனுதாபம். பொருள் இப்படித் தலைகீழாகப் புரண்டதை நினைவில் வையுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

'பாடப்படாத' என்பதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சங்கப் பாட்டைக் காட்டுவார்கள். காட்டட்டும், நியாயம்தான். ஆளைப் பாடுவது தமிழுக்குப் புதிதல்ல. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் புறநானூறு 72ஆம் பாட்டில் வஞ்சினம் கூறும்போது, பகைவரை வெல்லாவிட்டால் 'புலவர் பாடாது வரைக என் நிலவரை' என்கிறான். புலவர் பாடாமல் ஒதுக்குவது அரசனுக்கே சாபம். ஆனால் அந்த வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். பாடாமல் விடுகிறவர் யார் என்பது அதிலேயே இருக்கிறது: புலவர். மேடைத் தொடரில் அந்தப் புலவரைக் காணோம். யார் பாடவில்லை, எதைப் பாடவில்லை என்பது இரண்டும் போய், 'படாத' மட்டும் தொங்குகிறது.

'படு' சேர்ப்பது இலக்கணப் பிழை என்று நான் சொல்லவில்லை. 'இசைபட வாழ்தல்' என்று வள்ளுவரே எழுதினாரே என்று யாராவது கேட்பார்கள். அங்கே 'பட' என்பதற்கு 'உண்டாக' என்று பொருள். இந்தச் செயப்பாட்டு ஒட்டுக்கும் அதற்கும் உறவில்லை. என் வாதம் எளிது: இந்த இடத்தில் தமிழ் இயல்பாக எடுக்கும் வினை 'பெறு'. தேவார மூவரின் பதிகம் உள்ள சிவத்தலத்தை எப்படிச் சொல்கிறோம்? பாடல் பெற்ற தலம். 'பாடப்பட்ட தலம்' என்று ஒருவரும் சொல்வதில்லை. தனக்கென்று பதிகம் இல்லாமல், வேறொரு பதிகத்தின் நடுவே பேர் மட்டும் வந்துபோன ஊருக்குக்கூட வைப்புத்தலம் என்று தனிப்பேர் வைத்திருக்கிறோம். பாட்டில் இடம் கிடைத்தது, கிடைக்காதது, ஓரத்தில் கிடைத்தது என்று இத்தனை நுட்பமாகப் பிரித்த மொழிக்கு ஆங்கிலத்திலிருந்து ஒரு ஒட்டுத்துணி எதற்கு?

இன்னொரு பாதி 'நாயகர்'. சிலர் ஒருபடி மேலே போய் 'கதாநாயகர்' என்கிறார்கள். கதையிலேயே இடம் கிடைக்காதவர் எப்படிக் கதாநாயகர் ஆவார்? பாட்டு யாரைக் குறித்ததோ அவரைப் பாட்டுடைத் தலைவன் என்பது நம் இலக்கிய வழக்கு. அதைப் பார்த்தால் 'பாடப்படாத நாயகர்' என்பதே தன்னைத்தானே அடித்துக்கொள்கிற தொடர். ஹீரோ என்று வந்தால் நாயகர் என்று கை தானாக எழுதிவிடுகிறது. வந்தவர் செவிலியரா, போர்வீரரா, ஆய்வகத்தில் சோதனைக் குழாய் கழுவியவரா என்று பார்ப்பதில்லை. அவரவர் தொழிலைச் சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். விருது கொடுத்து, மாலை போட்டு, படத்தையும் மாட்டிய பிறகும் அவரைப் 'பாடப்படாதவர்' என்றே அறிமுகம் செய்கிற கூத்து வேறு.

சரி, மாற்று என்ன? 'அறியப்படாதவர்' பொருந்தாது. ஊருக்கெல்லாம் தெரிந்த ஆளுக்கும் பாராட்டு கிடைக்காமல் போகலாம். 'மறக்கப்பட்டவர்' என்றால் ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள் என்றாகிறது. தனித்தமிழ் ஆர்வத்தில் 'இசையிலார்' என்று வைக்கலாமே என்று தோன்றும். இசைக்குப் புகழ் என்ற பொருள் உண்டு, சொல்லும் அழகு. ஆனால் 'இசையிலா யாக்கை பொறுத்த நிலம்' விளைச்சல் குன்றும் என்கிறது குறள் (239). அது வசை. ஸ்காட்டின் தன்னலக்காரனுக்கு அச்சாகப் பொருந்தும், நாம் பாராட்ட நினைக்கிறவருக்குப் பொருந்தாது. போதாக்குறைக்கு இன்றைய வாசகர் அதைச் சங்கீதம் தெரியாதவர் என்றுதான் படிப்பார்.

எனக்குப் பிடித்தது புறநானூற்றின் 27ஆம் பாட்டில் இருக்கிறது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியிடம் சொல்கிறார்: உயர்குடியில் பிறந்து வீற்றிருந்தவர்களை எண்ணிப் பார்த்தால் 'உரையும் பாட்டும் உடையோர் சிலரே, மரையிலை போல மாய்ந்திசினோர் பலரே.' மரையிலை என்றால் தாமரை இலை. பூவைப் பார்க்கிறோம், இலை வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது. பரிமேலழகரும் 232ஆம் குறளுக்கு உரை எழுதும்போது புகழை உரை, பாட்டு என்று இரண்டாகப் பிரிக்கிறார். உரை எல்லாரும் பேசுவது, பாட்டு புலவர் செய்வது. 'அன்சங்' என்ற சொல்லின் மேல்தோலில் பாட்டு மட்டும்தான் இருக்கிறது. இன்று அதைச் சொல்கிறவர் நினைப்பதோ இரண்டும் கிடைக்காதவரை. ஆகவே 'உரையும் பாட்டும் இல்லாதவர்' என்பது மூலத்தைவிட ஒரு பிடி கூடவே சொல்கிறது.

கட்டுரையிலோ கவிதையிலோ இதையே எழுதலாம், சுருக்கம் வேண்டுமென்றால் 'பாடல் பெறாதவர்'. மேடைக்கும் செய்திக்கும் இவ்வளவு தேவையில்லை, 'பேர் கிடைக்காமல் உழைத்தவர்கள்' போதும். ஆள் இல்லாமல் உழைப்பையோ வெற்றியையோ சொல்ல வந்தால் 'யாரும் பாராட்டாத உழைப்பு', 'பேசப்படாத வெற்றி'. ஆமாம், இங்கே 'படாத' வந்துவிட்டது. பேச்சுக்கு அது ஒட்டும், வெற்றியைப் பேசுவோம். பாட்டுக்குத்தான் ஒட்டவில்லை.