பாசிசம் முதலில் கை வைப்பது சட்டப் புத்தகத்தில்

ஹிட்லர் பட்டாளத்தைக் கொண்டு ஆட்சியைப் பிடித்தார் என்றுதான் சட்ட விழிப்புணர்வு வகுப்புகளுக்கு வரும் தோட்டத்து இளைஞர்கள் பலரும் நினைக்கிறார்கள். அது தவறு. 1933 ஜனவரி 30 அன்று ஜேர்மனியின் ஜனாதிபதிதான் அவரைச் சான்சலராக, அதாவது அரசாங்கத் தலைவராக, நியமித்தார். அதன்பின் 52 நாளில் சட்டம் இயற்றும் அதிகாரம் முழுவதும் அவர் கைக்குப் போய்விட்டது.

பெப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றியது. மறுநாளே அவசரகால ஆணை வந்தது. பேச்சு, கூட்டம், பத்திரிகை எதற்கும் உரிமையில்லை, வழக்கில்லாமலே ஆளை அடைக்கலாம். இங்கே இலங்கையில் அவசரகாலப் பிரகடனம் ஒரு மாதம்தான் செல்லும், தொடர வேண்டுமானால் மீண்டும் பாராளுமன்ற அனுமதி பெற வேண்டும். அந்த ஆணைக்கோ முடிவுத் திகதியே இல்லை. 1945 வரை நடப்பில் இருந்தது.

மார்ச் 23 வாக்கெடுப்பை நிதானமாகப் பார்க்க வேண்டும். பாராளுமன்றத்தைக் கேட்காமலே அமைச்சரவை சட்டம் இயற்றலாம் என்பதுதான் சட்டமூலம். உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கினர் சபைக்கு வர வேண்டும், வந்தவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். கம்யூனிஸ்ட் உறுப்பினர் 81 பேரை உள்ளேயே விடவில்லை. மற்றவர்களும் வராமலிருந்து கூட்டத்தைக் குலைத்துவிடலாம் என்று பயந்து, தகுந்த காரணமின்றி வராதவரையும் வந்தவராகக் கணக்கிடும்படி சபை விதியை மாற்றினார்கள். சட்டமூலத்தைப் போலவே இந்தச் சின்ன மாற்றத்தையும் படிக்க வேண்டும் என்பேன். ஹிட்லரின் நாசிக் கட்சியின் சீருடைப் படை மண்டபத்துக்குள்ளேயே நின்றது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. எதிர்த்தவர்கள் அனைவரும் சமூக ஜனநாயகக் கட்சியினர்.

மே தினத்தைச் சம்பளத்தோடு விடுமுறையாக்கிப் பெரும் கூட்டம் நடத்தினார்கள். மறுநாள் காலை தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் புகுந்து தலைவர்களைப் பிடித்தார்கள். சந்தாவாகச் சேர்ந்த பணமும் போயிற்று. ஜூலை 14 முதல் நாட்டில் ஒரே கட்சி. 1935இல் யூதரின் பிரஜாவுரிமை பறிபோனது. இலங்கையில் 1948இல் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தது பாசிச ஆட்சியல்ல, ஆனாலும் பிரஜாவுரிமை போனால் அடுத்து வாக்கும் போகும் என்பதை மலையகத்துக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

படை நடவடிக்கையும் படிப்படியாகத்தான். 1936 மார்ச்சில் ரைன்லாந்துக்குள் படை போனது; அது ஜேர்மனியின் பகுதிதான், ஆனால் அங்கே படை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்தது. பிரான்ஸ் தடுக்கவில்லை. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா. முதலில் படை, பிறகுதான் வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டில் ‘ஆம்’ என்பதற்குப் பெரிய வட்டம், ‘இல்லை’ என்பதற்குச் சின்ன வட்டம். யூதருக்கு வாக்கில்லை. 99.7 வீதம் ஆதரவு என்று அறிவித்தார்கள். ஆஸ்திரிய வங்கியின் தங்கமும் ஜேர்மனிக்குப் போனது. அதே ஆண்டு செப்டெம்பரில், செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன்லாந்துப் பகுதிதான் கடைசிக் கோரிக்கை என்றார் ஹிட்லர். ஆறு மாதம்கூட ஆகவில்லை, அந்நாட்டின் தலைநகரான பிராக்குக்குள் ஜேர்மன் படை நின்றது.

1939 செப்டெம்பர் 1 அன்று போலந்துக்குள் படை புகுந்தபோது, போர் வேண்டாம் என்று வேலைநிறுத்தம் செய்ய ஜேர்மனியில் ஒரு சுதந்திரத் தொழிற்சங்கம்கூட மிச்சமிருக்கவில்லை.