சேஃப் மோடு: உள்ளே போகும் முன் கையில் இருக்க வேண்டிய சாவி

விண்டோஸ் கணினி எழ மறுத்தால் பலர் உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றுகிறார்கள். கோப்புகள் போய்விடும், பழுது எது என்பது கடைசிவரை தெரியாது. அதற்கு முன் ஒரு முறை சேஃப் மோடில் திறந்து பாருங்கள்.

அதில் மிக அவசியமான டிரைவர்களும் (கணினியின் பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்கள்) சேவைகளும் மட்டுமே ஏறும். கிராபிக்ஸ் கார்டின் சொந்த டிரைவர் வராது, தானாகத் தொடங்கும் மென்பொருள்களும் வராது. திரை கறுப்பாக, எழுத்து பெரிதாக, ஒலியின்றி இருப்பது அதன் இயல்பு. அங்கே கணினி ஒழுங்காக ஓடினால், கோளாறு பெரும்பாலும் ஒரு டிரைவரிலோ அண்மையில் நிறுவிய மென்பொருளிலோ இருக்கும். அங்கேயும் உறைந்து நின்றாலோ தானாக அணைந்தாலோ ராம், டிஸ்க், அதிக வெப்பம், விண்டோஸின் அடிப்படைக் கோப்புகள் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

விண்டோஸ் 7 வரை எஃப்8 விசை போதும். விண்டோஸ் 8 முதல் அது இயல்பாக வேலை செய்யாது. ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். லாகின் திரையிலிருந்தும் இதைச் செய்யலாம். பிறகு டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். வரும் பட்டியலில் 4 சேஃப் மோடு, 5 இணையத்துடன். 5-இல் வைஃபையை நம்பாமல் லேன் கேபிளைச் செருகிக்கொள்வது நல்லது. லாகின் திரையே வராவிட்டால், விண்டோஸ் எழத் தொடங்கும்போது பவர் பட்டனை 10 நொடி அழுத்தி அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மீட்புத் திரை தானே வரும்; அங்கிருந்து மேலே சொன்ன டிரபிள்ஷூட் வழியே செல்லுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது, டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரில்தான். 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை நீக்கினால் சரியாகிவிடும் நிலைதான். ஆனால் பிட்லாக்கர் பூட்டிய கணினிகள் முதலில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டன. புதிய லேப்டாப்கள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் இந்தக் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். சொந்தக் கணினியின் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அலுவலகக் கணினி என்றால் ஐடி பிரிவைக் கேளுங்கள். கணினி நன்றாக ஓடும்போதே அதைத் தாளில் எழுதி வைத்துவிடுங்கள். கணக்கின் பாஸ்வேர்டும் நினைவில் இருக்கட்டும், ஏனென்றால் சேஃப் மோடில் லாகினுக்கான பின் (PIN) எண் சில நேரம் ஏற்கப்படாது.

எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் 'சேஃப் பூட்' டிக் செய்து சேஃப் மோடுக்குப் போகும் வழியைத் தவிர்ப்பதே மேல். அந்த டிக்கை எடுக்கும்வரை ஒவ்வொரு முறையும் சேஃப் மோடே வரும். பாஸ்வேர்டு மறந்திருந்தால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

உள்ளே போனதும் முதலில் முக்கியக் கோப்புகளை வெளி டிரைவுக்கு நகலெடுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் சந்தேகப்படும் சாதனத்தின் 'ரோல் பேக் டிரைவர்' பட்டனை அழுத்தி, டிரைவரின் பழைய பதிப்புக்குத் திரும்புங்கள். அது மங்கலாக இருந்தால் பழைய பதிப்பு இல்லை. அப்போது டிரைவரை நீக்கிவிட்டு வழக்கம்போல் ரீஸ்டார்ட் செய்யுங்கள். மென்பொருளை நீக்க முயன்று, விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை இயங்கவில்லை என்ற செய்தி வந்தால் அது புதிய கோளாறு அல்ல. சேஃப் மோடில் அந்தச் சேவை தொடங்குவதில்லை. அப்போது டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் அந்த மென்பொருளை நிறுத்திவிட்டு, இயல்பான நிலைக்குத் திரும்பியதும் நீக்கிக்கொள்ளலாம்.